கிணத்தடித் தண்ணி வாழையடிக்குப் போன கதை

எங்கள் வீட்டு வளவில் கிணத்தடியிலிருந்து வாழையடிக்கு 42 அடி. அந்த 42 அடியைத் தண்ணி தானாக நடந்து போக வைப்பதற்கு 2024 ஆடியில் தொடங்கி ஐப்பசி வரை மினக்கெட்டேன். ஒருமுறை கட்டினேன். அதில் பாதியை உடைத்தேன். உடைத்ததைத் திரும்பக் கட்டாமலே விட்டுவிட்டேன். இப்போது தண்ணி போகிறது.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று மழைக்கு எழும்பி ஓடும், வெயிலுக்குப் படுத்துவிடும். குடிக்க, குளிக்க, தோய்க்க, தோட்டத்துக்கு எல்லாவற்றுக்கும் கிணறுதான். மழைத் தண்ணி சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் கிடக்கிற உப்புத்தண்ணிக்கு மேலே ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. நாங்கள் அள்ளுவது அந்த மிதப்பை. கண்மண் தெரியாமல் இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும். அதனாலோ என்னவோ, பழைய ஆட்கள் குளித்த தண்ணியைக்கூடச் சும்மா ஓடவிடவில்லை. கிணத்தடியைச் சுற்றி நாலு கமுகு, ஒரு தேசி (எலுமிச்சை), கறிவேப்பிலை, தென்னம்பிள்ளை, கடைசியில் வாழை. குளிக்கிறவன் தலையில் ஊற்றுகிற ஒவ்வொரு வாளியும் தோட்டத்துக்கு இறைத்த கணக்கு.

எங்கள் வீடு கோண்டாவில். நல்ல செம்மண். கிணறு 26 அடி, பாதிக்குக் கீழே கல்லுடைத்து இறக்கியது. அப்பாவின் காலத்தில் துலா, அதாவது மிதித்துத் தண்ணி இறைக்கும் ஏற்றம், இருந்தது. ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் தண்ணி அள்ளும் பட்டை பிடிக்க, ஒரு பொடியன் மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறுவான். எங்கள் குடும்பத்தில் அந்தப் பொடியன் என்னுடைய சித்தப்பா. இப்போது அவருக்கு 74 வயது, அடுத்த வளவில் இருக்கிறார். அவர் இந்தக் கதைக்குள் பிறகு வருவார். துலா போய் மோட்டர் வந்துவிட்டது. துலாவைத் தாங்கிய ஆடுகால் மட்டும் மிச்சம், அதில் இப்போது மல்லிகை படர்ந்திருக்கிறது.

எனக்குத் தோட்டப் பழக்கம் வந்தது 2022 இல். அந்த ஆனியில் பொருளாதார நெருக்கடிக்குள் நாடு கிடந்த கிடையில், அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு தந்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். பெற்றோல் இல்லை, கந்தோருக்குப் போகவும் வழியில்லை. லீவு எதற்காகத் தரப்பட்டதோ அதற்கே அதைச் செலவழித்த சிலரில் நானும் ஒருவன். நாலு பாத்தி கொத்தினேன்: கத்தரி, மிளகாய், பயற்றை, வெண்டி. வெள்ளிக்கிழமை லீவு சில மாதங்களுக்குள் முடிந்துபோனது. பாத்திகள் நின்றுவிட்டன.

அப்போதும் கிணத்தடித் தண்ணியை நான் கவனிக்கவில்லை. மோட்டரைப் போட்டு ஹோஸைப் பிடித்தால் வேலை முடிந்தது என்ற எண்ணம். பழைய மண்வாய்க்கால் சருகு விழுந்து, கோழி கிளறி, ஒருமுறை பூவரசுக் கிளை முறிந்து விழுந்து, மெல்ல மெல்லத் தூர்ந்துபோனது. குளிக்கிற தண்ணி கிணத்தடிக் கல்லைத் தாண்டி ஏழெட்டு அடி போய் அங்கேயே குந்திக்கொண்டது. ஒரு கறுப்புக் குட்டை. மேலே சவுக்கார ஆடை. சுற்றிலும் பாசி.

2023 கடைசியிலும் 2024 தையிலும் யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடியிருந்தது நினைவிருக்கும். எங்கள் ஒழுங்கைக்கும் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்தார். சிரட்டை, பூச்சட்டித் தட்டு, பழைய ரயர் என்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டு வந்தவர் கிணத்தடிக் குட்டையில் நின்றார். "இதிலை டெங்கு நுளம்பு பெருகிறது குறைவு ஐயா, அதுக்குத் தெளிஞ்ச தண்ணியிலைதான் விருப்பம். ஆனா இதிலை மற்ற நுளம்பு பெருகும்" என்று சொல்லி, ஒரு சிரட்டையால் கோலிக் காட்டினார். குடம்பிகள் நெளிந்தன. அவர் வெருட்டவில்லை. வெருட்டியிருந்தால் நான் இன்னும் ஆறு மாதம் கடத்தியிருப்பேன், அது என் குணம். ஆனால் அடுத்த மாதமே அம்மா அந்தப் பாசியில் சறுக்கி கமுகைக் கட்டிப்பிடித்துத் தப்பினா. "கமுகு இல்லாட்டி நான் இண்டைக்கு ஆசுப்பத்திரியிலை" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லத் தொடங்கிய பிறகு, எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

மண்வேலைக்கு ஆடி, ஆவணிதான் சரி. மண் காய்ந்திருக்கும், கிணற்றில் தண்ணி கீழே கிடக்கும், ஐப்பசி மழைக்கு முன்னர் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். ஒரே கரைச்சல் சோளகக் காற்று. சீமெந்துப் பையை அவிழ்த்தால் பாதி கண்ணுக்குள்.

என்னுடைய திட்டம் பெரிதில்லை. 9 அங்குல அகலம், 6 அங்குல ஆழம், அடியும் கரையும் சீமெந்து பூசிய வாய்க்கால். முழுத் தூரமும். அடிக்கு ஒரு மெல்லிய கொங்கிரீட், கரைக்குப் புளொக் கல்லைப் படுக்கையாக ஒரு வரி, மேலே ஒன்றுக்கு நாலு கலவையில் பூச்சு. 100 அடிக்கு ஒரு அடி சரிவு இருந்தால் தண்ணி நன்றாக ஓடும் என்று மேசன் அண்ணை சொன்னார். 42 அடிக்கு அது கிட்டத்தட்ட 5 அங்குலம்.

அந்த 5 அங்குலம் நிலத்தில் இருக்கிறதா என்று பார்க்க மட்டக்குழாய் செய்தேன். தண்ணி மட்டம் பார்ப்பதற்கு இதைவிட மலிவான சாமான் உலகத்தில் இல்லை. கண்ணாடி மாதிரித் தெரியும் மெல்லிய ஹோஸ் ஐம்பது அடி, தண்ணி, கொஞ்சம் உடுப்புக்குப் போடும் நீலம், இரண்டு தடி. ஹோஸின் இரண்டு நுனியையும் தடிகளில் நிமிர்த்திக் கட்ட வேண்டும். ஒரு தடி கிணத்தடியில், மற்றது வாழையடியில். இரண்டு நுனியிலும் நீலத்தண்ணி ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த இடத்திலிருந்து நிலத்துக்கு எவ்வளவு என்று இரண்டு பக்கமும் அளந்து, கூடியதிலிருந்து குறைந்ததைக் கழித்தால் சரிவு. நான் பெருமையோடு அளந்தேன். என் மனுசி கிணத்தடியில் ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு, "இஞ்சேருங்கோ, அடுப்பிலை சோறு" என்று மூன்று தரம் சொன்னா. வாழையடி 5 அங்குலம் பதிவு, அதாவது தாழ்வு. கணக்குக்குச் சரியாக 5. நிலமே எனக்காகச் சரிந்து கிடக்கிறது என்று சந்தோசப்பட்டேன். கிண்ட வேண்டியதில்லை, நிலத்தின் போக்கிலேயே கட்டலாம்.

அன்றைக்குப் பின்னேரம் சித்தப்பா வேலியால் எட்டிப் பார்த்தார். "என்ன மோனை, நீலம் போட்டு விளையாடுறாய்?" என்றார். விசயத்தைச் சொன்னேன். "முதல் மண்ணிலை வாய்க்காலை வெட்டு. ஒரு கிழமை தண்ணியை விட்டுப் பார். பிறகு சீமெந்தைப் பூசு" என்றார். "சித்தப்பா, மட்டம் பாத்தாச்சு" என்றேன். "ஓ, அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் 'அப்பச் சரி' என்று சொன்னால் சரியில்லை என்று அர்த்தம். எனக்கு இது தெரியும், ஆனாலும் மேசனுக்கு நாள் சொல்லியாகிவிட்டது.

அப்போது சீமெந்து ஒரு பை இரண்டாயிரத்து முந்நூறு சொச்சம், மேசன் கூலி நாளுக்கு நாலாயிரம். இரண்டு நாள் வேலை. இரண்டு நுனியிலும் கட்டை அடித்து, நடுவே கயிறு இழுத்து, கயிற்றுக்குக் கீழே அளந்து அளந்து அடிமட்டம் போட்டோம். பூச்சு வழுவழுவென்று வந்தது. ஏழு நாள் நனைத்த சாக்குப் போட்டு மூடி, காலையும் மாலையும் தண்ணி தெளித்தேன். கந்தோரில் இருந்தபோதுகூட அந்தச் சாக்குக் காய்ந்துவிட்டதோ என்று யோசனை.

எட்டாம் நாள் விடிய, முதல் குளிப்பு. நாலு வாளி ஊற்றிவிட்டு, துவாயோடு ஓடிப்போய் வாய்க்காலைப் பார்த்தேன். தண்ணியின் மேல் ஒரு முருங்கைப் பூ மிதந்து வந்தது. முதல் பதினைந்து அடிக்கு நல்ல ஓட்டம். பிறகு யோசித்து யோசித்துப் போனது. பாதி தூரம் தாண்டியதும் நின்றுவிட்டது. மெல்ல ஒரு வட்டம் அடித்து, கரையில் ஒட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தேன். பாதிக்கு அப்பால் அரை அங்குலம் தண்ணி அசையாமல் நிற்கிறது. வாழையடி வாய் நனைந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு கறுப்புக் குட்டையை ஒழித்து, அதன் இடத்தில் 20 அடி நீளமான வெள்ளைக் குட்டை கட்டியிருந்தேன்.

இரண்டு பிழை. இரண்டையும் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

முதலாவது மட்டக்குழாயில். வாழையடிப் பக்கத்துத் தடியில் ஹோஸைக் கறுப்பு ரேப்பால் சுற்றிக் கட்டியிருந்தேன். ரேப்பை அவிழ்த்தால் உள்ளே மூன்று அங்குல நீளத்துக்கு ஒரு காற்றுக் குமிழ் குந்தியிருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் ஹோஸுக்குள் குமிழ் நின்றால், அந்தப் பக்கத்துத் தண்ணி குமிழின் நீளத்துக்கு மேலே தூக்கிக் காட்டும். அதாவது வாழையடி 5 அங்குலம் பதிவு என்று நான் எழுதியதில் 3 அங்குலம் காற்று. உண்மையான பதிவு 2 அங்குலம்தான். மட்டக்குழாய் பாவிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஹோஸை எதாலும் மூடிச் சுற்றாதீர்கள், மெல்லிய நூலால் இரண்டு இடத்தில் கட்டினால் போதும். அளக்க முன்னர் இரண்டு நுனியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணி ஒரே மட்டத்தில் நிற்காவிட்டால் உள்ளே குமிழ் இருக்கிறது. இந்த ஒரு நிமிச வேலையை நான் செய்யவில்லை.

இரண்டாவது கயிறு. 42 அடிக்கு ஒரே இழுப்பில் கட்டினால், எவ்வளவு இறுக்கினாலும் நடுவில் தொய்யும். எங்களுடையது ஒன்றேகால் அங்குலம் தொய்ந்திருந்தது. கயிறு தொய்ந்த மாதிரியே வாய்க்காலும் வயிறு வைத்துவிட்டது. சரிவு 5 அங்குலமாக இருந்திருந்தால் இந்த வயிறு கண்ணுக்குப் பட்டிருக்காது. 2 அங்குலத்தில் அது முழுத் தண்ணியையும் பிடித்து வைத்துக்கொண்டது. மேசன் அண்ணையிடம் சொன்னேன். "தம்பி, நீங்கள் தந்த மட்டத்துக்குத்தானே நான் கட்டினனான்" என்றார். நியாயம். ஆனால் கயிறு அவருடையது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பிழையை எடுத்துக்கொண்டு சமாதானமானோம்.

உடைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் அப்படியே விட்டேன். காலையும் மாலையும் தும்புத்தடியால் தண்ணியைத் தள்ளிவிட்டேன், அதுவே ஒரு வேலையாகிப்போனது. தலைமயிரும் சவுக்கார ஆடையும் அடியில் படிந்து மணக்கத் தொடங்கியது. இதற்கிடையில்தான் நான் எதிர்பாராத இன்னொன்று கண்ணில் பட்டது.

அம்மாவின் வல்லாரை செத்துக்கொண்டிருந்தது.

பழைய மண்வாய்க்காலின் கரையில், கறிவேப்பிலைக்குக் கிட்ட, வல்லாரை ஒரு பாய் அளவுக்குப் படர்ந்து கிடந்தது. நட்டவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அதை ஒட்டிப் பொன்னாங்காணி. அதுக்கு யாரும் தண்ணி ஊற்றி நான் பார்த்ததில்லை. சீமெந்து பூசி மூன்று கிழமையில் இலையெல்லாம் கரண்டி மாதிரிச் சுருண்டு, பிறகு பழுத்து, பிறகு செம்மண் தெரிந்தது. கறிவேப்பிலை கொழுந்து விடுவதை நிறுத்தியது. தேசி பிஞ்சை உதிர்த்தது. ஆவணி வெயில் என்று நினைத்தேன். சித்தப்பா வந்து கரையைக் குதிக்காலால் ஒரு உதை உதைத்தார், புழுதி எழும்பியது.

"உது ஒழுக்கிலை சீவிச்ச மரமெல்லோ" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. மண்வாய்க்காலில் தண்ணி போகும்போது பாதி வழியிலேயே குடித்துவிடும், வாழைக்குப் போய்ச் சேருவது மிச்சம்தான் என்று நான் குறைபட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குடிப்புத்தான் வல்லாரை, கறிவேப்பிலை, தேசி எல்லாம். வீண்போகிற தண்ணி என்று நான் கணக்குப் போட்டதை அம்மா நாற்பது வருடமாகச் சம்பலாகவும் ஊறுகாயாகவும் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறா. நான் அதைச் சீமெந்து போட்டு அடைத்துவிட்டேன், அதுவும் காசு கொடுத்து.

அதற்காக முழுவதையும் மண்ணாகவே விட்டிருக்கலாமா என்றால், அதுவும் இல்லை. கிணற்றுக்குக் கிட்ட ஒழுக்கு இருக்கக்கூடாது. எங்கள் நிலத்தின் கீழே சுண்ணக்கல், அதில் வெடிப்பு, பொந்து. மேலே ஊறுகிற சவுக்காரத் தண்ணி நேரே கிணற்றுக்குள் இறங்க அதற்கு அதிக நேரம் தேவையில்லை. அந்தக் கறுப்புக் குட்டை இருந்த காலமெல்லாம் நாங்கள் அதையே திரும்பக் குடித்திருப்போமோ என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஆகவே முடிவு இப்படி: கிணத்தடியிலிருந்து முதல் 20 அடி சீமெந்து, வெடிப்பு இல்லாமல். அதற்கு அப்பால் 22 அடி மண்.

புரட்டாசி முதல் சனி, அலவாங்கு எடுத்து அந்த 22 அடியை உடைத்தேன். மேசனைக் கூப்பிடவில்லை. கட்டியதைவிட உடைப்பது ஏன் இவ்வளவு சுகமாக இருந்தது என்று தெரியவில்லை. உடைத்த துண்டுகளைக் கிணத்தடியின் பாசி பிடிக்கும் இடத்தில் கால்வைக்கப் பதித்தேன், அம்மாவுக்கு. பிறகு வாழையடிக் கிடங்கை மூன்று அங்குலம் இறக்கி, மண்வாய்க்காலை அதற்கேற்பச் சரித்து வெட்டினேன். இந்த முறை கயிறு ஏழு அடிக்கு ஒரு கட்டை. குழாயில் குமிழ் இல்லை என்று நாலு தரம் பார்த்தேன். நல்லகாலம், சீமெந்துப் பகுதி முழுவதையும் கிளப்ப வேண்டியிருக்கவில்லை. அதன் முன்பாதி கயிற்றின் தொய்வாலேயே கூடச் சரிந்திருந்தது, பிழை அங்கே உதவியாகிப் போனது.

சீமெந்து முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பெட்டி கட்டினேன், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. அதில் இரண்டு மடை. ஒன்று வாழைக்கு, ஒன்று தென்னைக்கு. மடையை அடைக்கப் பலகையில் பழைய சாரத்துணி சுற்றிய ஒரு துண்டு. பெட்டியின் அடி வாய்க்காலைவிட இரண்டு அங்குலம் ஆழம், அதனால் மயிரும் மண்ணும் அங்கேயே படியும். கிழமைக்கு ஒருமுறை சிரட்டையால் கோலி எடுத்தால் போதும். நுளம்பு முட்டை விட்டாலும் பறக்கும் நுளம்பாக வளர அவகாசம் குறைவு. கோலியெடுக்கும் வேலை மகனுடையது. ஐம்பது ரூபா கேட்டான், இருபதில் முடிந்தது.

எந்தத் தண்ணி எங்கே போகலாம் என்பதிலும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. குளிக்கிற சவுக்காரம் வாழைக்கும் தென்னைக்கும் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் உடுப்புத் தோய்க்கிற பவுடரில் சோடியம் இருக்கிறது. அது களிமண்ணின் கட்டுமானத்தைக் கெடுத்து, மண்ணை மேலே தோல் போட்ட மாதிரி இறுக்கிவிடும், தண்ணி உள்ளே இறங்காது. ஆகவே தோய்க்கிற அன்றைக்குத் தென்னை, அடுத்த முறை வாழை என்று மாற்றி மாற்றி விடுகிறேன். வெள்ளை உடுப்புக்கு குளோரின் போடுகிற நாளில் அந்தத் தண்ணியை வாளியில் பிடித்து முன்வாசலுக்கு வெளியே கொண்டுபோய் ஊற்றிவிடுவோம். மரக்கறிப் பாத்திக்கு ஒருநாளும் இந்தத் தண்ணி இல்லை. அதற்கு மேல்தொட்டி வழிகிற நல்ல தண்ணியை ஒரு எஸ்லோன் பைப்பில் தனியாகக் கொண்டுபோயிருக்கிறேன். அப்போது வல்லாரையையும் அங்கே மாற்றினேன், பச்சையாகச் சம்பல் போடுகிற இலை என்பதால். மாற்றிவிட்டதாக நினைத்தேன்.

மண்வாய்க்காலுக்குத் தண்ணி விட்ட முதல் நாளைச் சொல்லாமல் விட முடியாது. சித்தப்பாவும் வந்துவிட்டார். கதிரை போட்டேன், இருக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றார். நான் மடையைத் திறந்தேன். காய்ந்த மண்ணில் முதல் தண்ணி ஓடாது, ஊரும். அதன் நுனியில் சருகு, எறும்பு, வேப்பம்பூத் தூள், கோழி இறகு எல்லாம் ஒரு நுரைக் கரையாகச் சேர்ந்து தள்ளுப்பட்டுப் போனது. ஒரு வெடிப்பைக் கண்டால் நின்று, அது நிறைய மட்டும் குமிழ் விட்டு, பிறகு தலையைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. புது மண் வாசம். எங்கிருந்தோ இரண்டு புலுனிக் குருவி வந்து இறங்கி, தண்ணிக்கு முன்னால் ஓடித் தப்பிய பூச்சிகளைப் பொறுக்கின. கறிவேப்பிலைக்குக் கிட்ட வந்தபோது தண்ணி அரை நிமிசம் அசையவில்லை. எனக்கு நெஞ்சு திக்கென்றது, பழைய ஞாபகம். சித்தப்பா ஒன்றும் பேசாமல் மண்வெட்டி நுனியால் அடியில் ஒரு கீறு, ஒரு சின்னக் கீறு, போட்டார். தண்ணி அதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

"அஞ்சு வயசிலை துடங்கினது" என்றார். எதை என்று கேட்கவில்லை.

வாழையடிக்குப் போய்ச் சேர 11 நிமிசம் பிடித்தது. மூன்றாம் நாள் 4 நிமிசம். மண் பசியாறிவிட்டது போல.

ஒரு கிழமை விட்டுப் பார்த்து, கரை இளகும் இரண்டு இடத்தில் மட்டும் பூவரசங் குழையை மிதித்து மண் போட்டு இறுக்கினேன். ஆவணியில் வேலி வெட்டிய கிளுவையும் பூவரசும் குவிந்து கிடந்தன. மிச்சத்தைப் பாத்திகளில் தாழ்த்தேன். இந்தக் குழை தாழ்ப்பதுதான் எனக்கு இந்த வேலைகளிலேயே பிடித்தது. முழங்கால் ஆழத்துக்குக் கான் வெட்டி, குழையை அடுக்கி, மாட்டெரு ஒரு பரப்புப் போட்டு, மண்ணால் மூடி, மேலே ஏறி நடக்க வேண்டும். நடக்கும்போது காலடியில் ஒரு மெத்தை அமுங்கும் உணர்வு. மழைக்குள் அது உக்கி, தையில் நடுகிற கத்தரிக்குப் பசளையாகிவிடும்.

வாழை இரண்டு இதரை, ஒரு கதலி, ஒரு மொந்தன். ஒழுங்காகத் தண்ணி போகத் தொடங்கியதும் குட்டிகள் கூட்டமாகக் கிளம்பிவிட்டன. ஒவ்வொரு தாய்க்கும் ஈட்டி மாதிரி ஒடுங்கிய இலையோடு வரும் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு, அகன்ற இலைக் குட்டிகளை அலவாங்கால் கிளப்பி எடுத்தேன். அகன்ற இலையோடு வருவது பார்க்கச் செழிப்பாக இருக்கும், கிழங்கில் பலம் இருக்காது. மொந்தன் கார்த்திகையில் பொத்தி தள்ளியது. மழையும் காற்றும் சேர்ந்து வந்த ஒரு ராத்திரி அது சரியத் தொடங்க, ரோச் லைற்றோடு போய்க் கமுகந்தடியால் முட்டுக் கொடுத்தேன். அந்த மழைக்கு வாய்க்கால் நிரம்பி ஓடியது, ஆனால் உடைக்கவில்லை. கிணற்றில் தண்ணி மேலிருந்து ஆறடிக்கு ஏறியிருந்தது, வாளியைக் கையாலேயே தாழ்த்தி மொள்ளலாம் போல.

தையில் ஒருநாள் கந்தோரால் வந்து கிணத்தடிக்குப் போனேன். அம்மா ஓலைப்பெட்டியோடு கறிவேப்பிலைக்குக் கீழே குந்தியிருந்தா. நான் தொட்டிப் பக்கத்துக்கு மாற்றிய வல்லாரை அங்கே ஒரு பிடி அளவுக்கு முக்கி முனகிக்கொண்டிருக்க, பழைய இடத்தில், மண்வாய்க்காலின் இரண்டு கரையிலும், அது தானாகத் திரும்பி வந்து பாய் விரித்திருந்தது. இலை ஒவ்வொன்றும் பழைய ஐந்து ரூபாக் குற்றி அளவு.

"அம்மா, உது சவுக்காரத் தண்ணி போற இடம். அங்காலை நல்ல தண்ணியிலை நட்டிருக்கிறன், அதைப் பிடுங்குங்கோ."

"அது வளரட்டும் மோனை, பாவம்" என்றா. "கழுவித்தானே எடுக்கிறன்."

"சம்பல் பச்சையெல்லோ?"

அம்மா கொஞ்சம் யோசித்தா. பெட்டியைப் பார்த்தா, வாய்க்காலைப் பார்த்தா. மனுசி குளித்து முடித்த தண்ணி அப்போதுதான் நுரையோடு ஒரு முருங்கைப் பூவைத் தள்ளிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போனது.

"அப்ப இண்டைக்குச் சட்டியிலை வறை" என்றுவிட்டு, இன்னொரு பிடி பிடுங்கினா.